நாலு நாள் வெயில்

விரல்களை மடக்கி மூட்டால் தட்டினாள். பொத்தென்றது. ஒரு சாண் தள்ளித் தட்டினாள், அங்கேயும் பொத்தென்றது. இன்னும் ஒரு சாண் மேலே, குதிகாலைத் தூக்கி, இங்கேயாவது, இங்கேயாவது என்று உள்ளுக்குள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டு தட்டினாள், ஆனால் அதே சத்தம்தான், காலி அட்டைப்பெட்டியைத் தட்டினால் வருகிற சத்தம். மங்களேஸ்வரி கையை எடுத்துப் பார்த்தாள். மூட்டில் சாம்பல் நிறத்தில் மாவு ஒட்டியிருந்தது. பூசி நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மாவாக உதிருமா ஒரு சுவர், உதிரக்கூடாது, நகத்தால் கீறினால் நகம்தான் தேயவேண்டும், அப்படித்தான் சன்னாசி சொன்னான், சாரத்தின் மேலிருந்து கையில் கரண்டியோடு குனிந்து, "பத்து நாள் கழிச்சு வந்து கீறிப் பாருக்கா, நகம் ஒடிஞ்சா என்னைத் திட்டக்கூடாது" என்று. சொல்லிவிட்டுச் சிரித்தான். பத்து வருஷத்தில் தம்பி சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். இல்லை, அதில் எட்டு வருஷம் அவன் சிங்கப்பூரில் இருந்தான், அங்கே சாரத்து மேல் நின்று எத்தனையோ தரம் சிரித்திருப்பான், அதை இவள் எப்படிப் பார்த்திருக்க முடியும், கீழே விழுந்து கணுக்காலில் கம்பி வைத்துத் திரும்பி வந்த பிறகான இந்த இரண்டு வருஷத்தில் என்று சொல்லவேண்டும், இந்த இரண்டு வருஷத்தில் அவன் சிரித்தது அந்த ஒரு தரம்தான், இந்தச் சுவருக்கு முன்னால்தான். மணி இரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, சத்துணவுக் கூடத்துச் சாவி வாடகை வீட்டு ஆணியில் தொங்குகிறது, அவள் எங்கேயும் ஓடவேண்டியதில்லை, சன்னாசி நாலு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான், அதுவரைக்கும் இந்தப் புது வீட்டின் மேற்குச் சுவரும் அவளும்தான். நாலு மணிக்குச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லவே முடியாது. போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் நினைத்தாள்.

காலையில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது, ஜன்னல் சன்ஷேடுக்குப் பக்கத்தில். விழுந்த துண்டு தரையில் மூன்றாக உடைந்து கிடக்க, விழுந்த இடத்தில் செங்கல் வரிசை அப்படியே தெரிந்தது, தோலுரிந்த மாதிரி, பார்க்கக் கூச்சமாக, முந்தானையால் மூடலாமா என்று தோன்றுகிற மாதிரி. அதைச் சுற்றி விரிசல்கள். முதலில் ஆனி மாதத்தில் அவள் பார்த்தபோது ஒரே ஒரு கோடு, தலைமுடி ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து விரலால் எடுக்கப் போனாள். வரவில்லை. மறுவாரம் பத்து. அப்புறம் வலை விரித்த மாதிரி சுவர் பூராவும், வெயிலில் காய்ந்த கண்மாயில் சேறு வெடித்துக் கிடக்குமே அதேபோல, ஜன்னல் மூலையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும். போன வாரம் ஒரு மழை பெய்தது, மழை நின்று சுவர் காயும்போது விரிசல் மட்டும் காயாமல் கறுப்பாக நின்றது, ஒவ்வொரு கோடும் எழுத்துப் போலத் தெரிந்தது, அவளுக்கு மட்டும் படிக்கத் தெரிந்த எழுத்து. வீட்டுக்காரர் திருமாறனுக்கு அன்றைக்கு லீவு. சுவரைப் பார்த்துவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், கை கழுவினார், அப்புறம்தான் வாயைத் திறந்தார். "உன் தம்பின்னு விட்டேன். நான் அப்பவே சொன்னேன், கால் விளங்காதவன்கிட்ட வெளிப்பூச்சைக் கொடுக்காதேன்னு. பால் காய்ச்சுற அன்னிக்கு அவன் அந்த வாசலுக்கு வரக்கூடாது. வந்தான்னா நான் வரமாட்டேன்." பதினெட்டு வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிற மனிதர், எத்தனை நெரிசலிலும் ஹாரனை ஒரு தரத்துக்கு மேல் அடிக்காதவர் என்று பேர், அவர் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவன் கால் இல்லைங்க, அவன் கை இல்லைங்க, நான்தான் என்று ரசக் கரண்டியை வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள். வாய் அப்படித்தான் கேட்டது. மனசு ஒன்று சொல்லப் போகும்போது வாய் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிடுகிறது.

வெயில் மேற்கே சாயத் தொடங்கி சுவரில் விழுந்தது. அவள் நிழலுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். நிற்கட்டும், காயட்டும், இந்தச் சுவர் நின்ற மாதிரி. தெற்கு மூலை வரைக்கும் தட்டிக்கொண்டே போனாள், தெற்கிலும் அதே பொத்து. மூலை திரும்பிக் கிழக்கே வந்து தட்டினாள். டங். விரல் வலித்தது. இன்னொரு தரம் தட்டினாள். டங். கல்லைத் தட்டிய மாதிரி, கையைத் திருப்பித் தள்ளுகிற சத்தம். ஒரு விரிசல் இல்லை. வழவழவென்று, மட்டப்பலகை இழுத்த தடம்கூடத் தெரியாமல், மணியாசுக் கட்டையை வைத்து அவன் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த முகம். இதுதான் சன்னாசியைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. அதே லாரி மணல், அதே சிமென்ட், அதே கலவை, அதே கை, கிழக்கும் வடக்கும் இரும்பு மாதிரி நிற்கிறது, மேற்கும் தெற்கும் மாவாகப் போகிறது, எப்படிக்கா, எப்படி, என்று அவன் இந்த ஒரு மாதமாகக் கேட்காத நாளில்லை. முதலில் மணலைச் சந்தேகப்பட்டான், ஒரு பாட்டிலில் மணலையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைத்து மண் எவ்வளவு படிகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் செங்கல்லைச் சந்தேகப்பட்டான், பூசுவதற்கு முன்னால் நனைத்தது போதவில்லையோ என்று. அப்புறம் சந்தேகப்பட வேறு பொருள் இல்லாமல் தன்னிடமே வந்துவிட்டான். போன வாரம் அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேற்குச் சுவர் பூசும்போதுக்கா, சாரத்துல இந்தக் கால் மேலதான் பாரம் விழுந்துச்சு. வலி. கலவையை அடிக்கிறப்ப அழுத்தம் போயிருக்கும். எனக்கே தெரியாம கை விட்டிருக்கு. சிங்கப்பூர்ல விழுந்தப்ப கால்தான் போச்சுன்னு நெனச்சேன். கையும் போயிருச்சுக்கா." அவள் அவனுக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள்.

கை போகவில்லையடா. அதை இப்போது, யாருமில்லாத இந்த மனைகளுக்கு நடுவில், கிழக்குச் சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். "கை போகலடா." குரல் நன்றாகத்தான் வந்தது. சுற்றிலும் கல் நட்ட காலி மனைகள், கருவேலஞ்செடி, தூரத்தில் பைபாஸ் ரோட்டில் லாரி, இவர்களிடமெல்லாம் சொல்ல முடிகிறது. கலவையை விசிறி அடிக்கும்போது அவன் மணிக்கட்டு திரும்புகிற திருப்பத்தை அவள் பார்த்திருக்கிறாள், கீழே நின்று அண்ணாந்து, சித்தாள் பெண்கள்கூட ஒரு நிமிஷம் சட்டியை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள், ஒரு பொட்டு வீணாகக் கீழே விழாது. அந்தக் கையைத்தான் அவன் விரித்து வைத்துச் சந்தேகமாகப் பார்க்கிறான், கடைக்காரன் கொடுத்த கிழிந்த நோட்டைப் பார்ப்பதுபோல. யார் கொடுத்தது. இவள் கொடுத்தது.

நாலே நாள். சித்திரை மாதம், ஒரு பொட்டு மேகம்கூட வராத நாலு நாள். மேற்கும் தெற்கும் பூசி முடித்த மறுநாள் காலையிலிருந்து பத்து நாளைக்கு, தினம் மூன்று வேளை, சுவர் காயவே கூடாது, குழாயைப் பிடித்து மேலிருந்து கீழே நனைக்கவேண்டும். அதுதான் பூச்சுக்கு உயிர், சிமென்ட் தண்ணீர் குடித்துத்தான் கல்லாகும். முதல் இரண்டு நாள் சன்னாசியே வந்து அடித்தான். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் அவன் வீட்டுக்குப் போனாள், பக்கத்தில்தான், ஒரு தூக்கில் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு. அவன் குளித்துக்கொண்டிருந்தான். பூங்கோதை அடுப்படியில் இருந்தாள், தம்பி பெண்டாட்டி, அவளுடைய வீட்டுச் சுவர் ஏழு வருஷமாகச் செங்கல்லாகவே நிற்கிறது, பூசவில்லை, ஓட்டைகளில் பல்லி. தூக்கை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், பூங்கோதை சொன்னாள். "பூசறதுதான் அவரு பூசறாரு. தண்ணி அடிக்கவுமா அந்தக் காலை இழுத்துக்கிட்டு அவரே வரணும்? வீட்டுக்காரி கை என்ன மதினி, மருதாணி வச்சுக் காயப்போட்டிருக்கா?" அவ்வளவுதான். அதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. இப்போது நினைத்தால் நியாயம்கூட இருக்கிறது, கால் வீங்கியவனின் பெண்டாட்டி வேறு எப்படிப் பேசுவாள். ஆனால் அன்றைக்கு அது காதுக்குள் போய் நேராக வயிற்றில் இறங்கியது. நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை, அம்மா செத்த வருஷம் அவனுக்கு ஒன்பது வயசு, எனக்குப் பதினாறு, அவனுக்கு நான் தலை சீவி விட்டிருக்கிறேன், மருதாணியாம், மருதாணி. சன்னாசி தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள், "இனி நீ வராதே. தண்ணி நானே அடிச்சுக்கறேன்" என்றாள். அவன் முகம் மலர்ந்தது, "சரிக்கா, மறந்துராதே, வெயில் கொளுத்துது" என்றான். ஒன்றும் தெரியாது அவனுக்கு.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் இங்கே வந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறந்துவிட்டாள், போர்வெல்லில் தண்ணீர் இல்லை, மோட்டார் ஓடவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது ஒன்று இருந்திருந்தால் இவ்வளவு நாள் மூடி வைக்கவேண்டிய அவசியம் வந்திருக்காது. அவள் வந்தாள். நாலு நாளும் வந்தாள், இரண்டு வேளை வந்தாள், தெருவில் பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் அடிக்கப் போகிறாள் என்றுதான் தெரியும். வந்து, சிமென்ட் மூட்டைக் கொட்டகை நிழலில் ஒரு செங்கல்லைப் போட்டு உட்கார்ந்து, மேற்குச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைக் குழாய் காலடியில் சுருண்டு கிடந்தது. மோட்டார் சுவிட்ச் கை நீட்டினால் எட்டும். சுவரில் ஈரம் மெல்லப் பின்வாங்குவதை, கருஞ்சாம்பல் வெளிர்சாம்பலாவதை, அப்புறம் வெள்ளையாக வெளுப்பதை உட்கார்ந்து பார்த்தாள். மருதாணி காய்கிறது பார்த்துக்கொள் என்று மனசுக்குள் பூங்கோதைக்குச் சொன்னாள். அதில் ஒரு ருசி இருந்தது, ஆமாம், இருந்தது, நெஞ்சு எரிகிறபோது ஊறுகாயைத் தொட்டு நக்குகிற ருசி. இது தன் வீட்டுச் சுவர் என்பதுகூட அப்போது தெரியவில்லை, அவர்கள் வீட்டுச் சுவர் மாதிரி, பூங்கோதையின் சுவர் மாதிரி, காயட்டும், காயட்டும் என்றிருந்தாள். அந்த நாலு நாளும் கழிந்து மறுநாள் காலையில் எழுந்தபோது கோபத்தைக் காணோம். காய்ச்சல் விட்ட மாதிரி. ஓடிவந்து குழாயைப் பிடித்தாள். தண்ணீர் பட்டதும் சுவர் உஸ்ஸென்றது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. பிழைத்துக்கொண்டது என்று நினைத்தாள். அன்றைக்கு மத்தியானம் சன்னாசி போன் பண்ணி, "தண்ணி அடிக்கிறியாக்கா?" என்று கேட்டான். "மூணு வேளையும் அடிக்கிறேன்" என்றாள். அது பொய்யுமில்லை, அன்றைக்கு மூன்று வேளை அடித்தாள். அதற்கப்புறம் கிழக்கும் வடக்கும் பூசியபோது பத்து நாள் அல்ல, பதினைந்து நாள் அடித்தாள், கை கொப்புளித்தது.

மூன்றரை. வியர்வையில் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. எப்படி ஆரம்பிப்பது. சன்னாசி, ஒரு விஷயம். இல்லை, அப்படி ஆரம்பித்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்துவிடுவான். சன்னாசி, அந்தத் தண்ணி விஷயம். எந்தத் தண்ணி என்பான். சித்திரையில அடிச்சோமே. அடிச்சோமே என்று வரக்கூடாது, மறுபடியும் பொய். அவள் உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு வாக்கியமும் ஏன் என்கிற இடத்தில் வந்து நின்றது. ஏன்க்கா அடிக்கல என்று கேட்பான். அதற்குப் பூங்கோதையை இழுக்கவேண்டும். இழுத்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் தீ வைத்த மாதிரி, இழுக்காவிட்டால் காரணமே இல்லை, காரணமில்லாமல் ஒருத்தி தன் வீட்டுச் சுவரையே காயப்போடுவாளா. வேறு ஏதாவது சொல்லலாம், மோட்டார் ரிப்பேர் என்று சொல்லலாம், நம்புவான், இப்போதுகூட நம்புவான், அவன் அவளை நம்பாத நாள் ஒன்று உண்டா. ஒன்பது வயசில் அம்மா எங்கே என்று கேட்டபோது ஆஸ்பத்திரியில் தூங்குகிறாள் என்று சொன்னாள், மூன்று நாள் நம்பினான், நாலாம் நாள் தானாகவே தெரிந்துகொண்டு அவள் மடியில் சுருண்டு கிடந்தான். அப்போதும் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. இந்தத் தரம் கேட்பான். நாற்பது வயசுக்காரன். இதற்கு மேல் தணிகாசலம் சார் வேறு. காலேஜுக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி கட்டப்போகிறவர், வெளிப்பூச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே இந்த வீட்டு உள்பூச்சைப் பார்த்துவிட்டு, "இந்தக் கையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று சன்னாசியின் தோளில் தட்டியவர், மூன்று மாடியும் நீயே பார்த்துக்கொள் என்றவர். வெளிப்பூச்சையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். வெளிப்பூச்சு இதுதான். வந்து பார்த்தால் இதுதான்.

மொபெட் சத்தம் கேட்டது. நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டான். வண்டியை நிறுத்தி, வலது காலைத் தூக்கித் தரையில் வைத்து, அது நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு இறங்கினான், கையில் சுத்தியலும் உளியும், சட்டைப் பையில் சாக்பீஸ். "சாப்டியாக்கா?" என்றான். "சாப்ட்டேன்" என்றாள், சாப்பிடவில்லை. விழுந்து கிடந்த துண்டைக் குனிந்து எடுத்தான், இரண்டு கையாலும் அழுத்தினான், பிஸ்கட் மாதிரி நொறுங்கி விரலுக்கு இடையில் வழிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சுவருக்குப் போய் சுத்தியல் பிடியால் தட்டித் தட்டி, பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. இப்போது சொல். இந்தக் குறி போட்டதும் சொல். இல்லை, அந்த ஜன்னல் வரைக்கும் போகட்டும். ஜன்னலையும் தாண்டினான். "சன்னாசி" என்றாள். "ம்" என்றான் திரும்பாமல். "தண்ணி கொண்டாரவா குடிக்க?" என்றது வாய். "வேணாங்க்கா." மறுபடியும் பெருக்கல் குறி. பள்ளிக்கூடத்தில் தப்பான கணக்குக்குப் போடுகிற குறி. சுவர் பூராவும் தப்பு, தப்பு, தப்பு என்று அவன் கையாலேயே எழுதிக்கொண்டு போனான். மூலைக்குப் போனதும் நின்று, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டான். "பூரா எடுத்துரணும்க்கா. நானே எடுத்துக் கொடுத்துடறேன். திரும்பப் பூசறதுக்கு வேற ஆளு சொல்லிருக்கேன், கீரனூர்க்காரர், நல்ல கை." "நீ?" என்றாள். "தணிகாசலம் சாருக்குக் காலைல போன் பண்ணிச் சொல்லிட்டேன், என்னால முடியாது சார், வேற மேஸ்திரியப் பாருங்கன்னு. திருப்பூர்ல ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலை இருக்காம். உக்காந்துக்கிட்டே பாக்கற வேலை. பூங்கோதைகிட்டகூட இன்னும் சொல்லல."

காலையிலேயே சொல்லிவிட்டானா. அவள் இங்கே பொத்துப் பொத்தென்று தட்டிக்கொண்டிருந்தபோதே அது முடிந்துபோயிருக்கிறது. காது அடைத்துக்கொண்டது. லாரிச் சத்தமில்லை, ஒன்றுமில்லை, வாட்ச்மேன் தொப்பியோடு ஒரு மில் கேட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தம்பி மட்டும் தெரிந்தான், மடியில் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு. "நான் தண்ணி அடிக்கல" என்றாள். அவன் திரும்பினான். "என்னக்கா?" "மேற்குக்கும் தெற்குக்கும் நாலு நாள் நான் தண்ணியே அடிக்கலடா. நீ அடிச்ச ரெண்டு நாளுக்கப்புறம். நாலு நாள். ஒரு சொட்டு அடிக்கல." அவன் அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கிழக்குப் பக்கம் கை காட்டி, "அதுக்கு?" என்றான். "அதுக்கு அடிச்சேன். பதினஞ்சு நாள்." அவன் முகத்தில் ஏதோ ஓடியது, உதடு நாலு, சித்திரை, மேற்கு வெயில் என்று கணக்குப் போட்டது. வலது கையைத் தூக்கிப் பார்த்தான், விரல்களை மடக்கி விரித்தான். "அப்ப மணல் இல்ல" என்றான். "கையும் இல்ல." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது அவனிடமிருந்து. கீழே உட்கார்ந்துவிட்டான், கெட்ட காலை நீட்டி. "போர்ல தண்ணி இல்லாமப் போச்சாக்கா? சொல்லியிருந்தா லாரி சொல்லியிருப்பேனே. ஏன்க்கா சொல்லல?" அவனே ஒரு கதவைத் திறந்து கொடுத்தான். அவள் தலை ஆமென்று ஆடப் பார்த்தது, பாதி ஆடியேவிட்டது.

அவள் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "தணிகாசலம் சாருக்குப் போட்டுக் கொடு" என்றாள். அவன் போட்டுக் கொடுத்தான், ஏதோ தூக்கத்தில் செய்கிற மாதிரி. மணி அடித்தது. எடுத்தார். "சார், நான் சன்னாசியோட அக்கா பேசறேன். சுவரு போனது அவன் வேலையால இல்ல சார். நாலு நாள் தண்ணி அடிக்காம விட்டது நான்." அந்தப் பக்கமிருந்து நிதானமான குரல், பெரிய மனுஷக் குரல். "தம்பி மேல பாசம் இருக்கவேண்டியதுதாம்மா. அதுக்காக இப்படியெல்லாம் சொல்லவேண்டாம். அவரு காலைலயே என்கிட்ட நேர்மையா ஒத்துக்கிட்டாரு. அதுவே பெரிசு." நம்பவில்லை. அவள் இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் செத்தாள், அது வெளியே வந்தும் யாருக்கும் வேண்டாததாகத் தரையில் கிடந்தது. "இல்ல சார். பாசத்துல சொல்லல. கேளுங்க சார், வச்சிராதீங்க" என்றாள், குரல் உடைந்து கத்தலாக வந்தது. "அவன் வீட்டுக்காரி என்னை ஒரு வார்த்தை சொல்லிட்டா சார். உங்க கை என்ன மருதாணி வச்சுக் காயுதான்னு. அந்த வீம்புல. தண்ணி இருந்துச்சு, மோட்டார் இருந்துச்சு, குழாய் கால்கிட்டக் கிடந்துச்சு. நாலு நாளும் நான் இங்க வந்து செங்கல்லு போட்டு உக்காந்து, சுவரு காயறதைப் பாத்துக்கிட்டிருந்தேன் சார். வேணும்னுதான். காயட்டும்னுதான். கிழக்குச் சுவருக்குத் தண்ணி அடிச்சேன், அது இரும்பு மாதிரி நிக்குது சார். பொய் சொல்றவ யாராவது இப்படிச் சொல்லுவாளா சார்?" மூச்சு வாங்கியது. அந்தப் பக்கத்தில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவர், "சொல்லமாட்டாங்க" என்றார். அப்புறம், "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு அவரை அங்க இருக்கச் சொல்லுங்க. கிழக்குச் சுவரை வந்து பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் சன்னாசி எழுந்து நின்றுகொண்டிருந்தான். நாளைக்கு ஒன்பது மணி என்று அவள் சொன்னாள், அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நாலு நாளும் வந்தியா?" என்றான். "வந்தேன்." "உக்காந்திருந்தியா?" "ஆமா." "குழாயத் தொடவே இல்ல." அது கேள்வி இல்லை. அவன் போனை அவள் கையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான், விரல் படாமல், நுனியைப் பிடித்து. "அவளைத் திட்டியிருக்கலாம். நாலு அறை அறைஞ்சிருந்தாக்கூட நான் ஒண்ணும் கேட்டிருக்கமாட்டேன். ஒரு மாசமா நான் தூங்கல. சோத்தைப் பிசையறப்பகூட இந்தக் கை நடுங்குதா நடுங்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ எனக்கு டீ போட்டுக் கொடுத்தே." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது, கையில் இருந்த உளியை எறிந்திருந்தால் தேவலை, ஏதாவது ஒன்று வந்து தன் மேல் விழுந்தால் தேவலை. "மச்சான்கிட்ட நான் சொல்லமாட்டேன். பூங்கோதைகிட்டயும் சொல்லமாட்டேன். நீ சொல்லு" என்றான். "சாயங்காலம் அவரு டூட்டி முடிச்சு வந்ததும் சொல்லிடறேன். அங்கேயும் வந்து சொல்லிடறேன்" என்றாள். சொல்லமுடியுமா என்று தெரியவில்லை, ரசம், சோறு, சர்க்கரை என்று வாய் ஓடுமா, தெரியவில்லை, ஆனால் சொல்லிடறேன் என்று சொல்லியாகிவிட்டது. அவன் சுவரின் பக்கம் திரும்பினான். சாரமில்லாமல் எட்டுகிற உயரத்தில், முதல் பெருக்கல் குறியின் நடுவில் உளியை வைத்தான். கால் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். ஓங்கி ஒரே அடி. முறம் அளவுக்குப் பூச்சு முழுசாகக் கழன்று வந்து அவன் காலடியில் விழுந்து தூசி எழும்பியது. இரண்டாவது அடி. அவள் நகரவில்லை. வெயில் நேர் முகத்தில் அடித்தது, தூசி கண்ணில் போனது, சுவரின் மேல்பகுதியில் ஒரு விரிசல் மெல்ல வாய் பிளப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சன்னாசி சுத்தியலை ஓங்கியபடி நிறுத்தினான். ஒன்பது வயசிலிருந்து இந்த மத்தியானம் வரைக்கும் ஒரு பேச்சில் ஒரு தரமாவது அக்கா என்று சொல்லாமல் அவன் அவளிடம் பேசியதில்லை.

"மேல இருந்து விழும்" என்றான். "தள்ளி நில்லு."

அவள் தள்ளி நின்றாள்.